நாலாம் நம்பர் வில்லை

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு ஜூலை மாதம் நடந்தது இது. மெல்போர்னிலிருந்து வடக்கே மூன்றரை மணி நேரம் காரில் போனால், மரே ஆற்றுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கமாகப் பெரிய சதுப்பு ஏரி ஒன்று வரும். அதன் கரையில், வாத்து வேட்டைக்காரர்கள் அந்தக் காலத்தில் கட்டிய ஒரு விடுதி. வேட்டைக்கும் உனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரரும் அதையேதான் கேட்டார். "முட்டை வாசனைக்கே மூக்கப் பொத்துறவ, வாத்து சுடுற எடத்துக்குப் போறியாக்கும்?" என்று மூன்று நாள் விடாமல் ஓட்டினார்.

பழைய நோட்டுகள், கடிதங்கள், போட்டோக்களை ஸ்கேன் செய்து ஒழுங்குபடுத்துவதும், கேட்டால் அவற்றை வைத்து ஒரு சின்ன வரலாறு எழுதிக் கொடுப்பதும் என் வேலை. சர்ச்சுக்குச் செய்திருக்கிறேன், கிரிக்கெட் கிளப்புக்குச் செய்திருக்கிறேன். வேட்டை விடுதிக்குச் செய்தது அதுதான் முதல் தடவை. உறுப்பினர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். மிச்சமிருந்தவர்கள், நோட்டுப் புத்தகங்களைக் கரையான் தின்பதற்குள் ஒரு புத்தகம் போட்டுவிடலாம் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

என்னோடு வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். மெல்போர்னில் டாண்டினாங் பக்கம் வீடு. கேமராவும் ஸ்கேனரும் அவர் பொறுப்பு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் எனக்கு அண்ணன், நான் அவருக்குத் தங்கச்சி. அதிகம் பேசமாட்டார். நான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவேன்.

விடுதியைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் எங்களை வாசலிலேயே வரவேற்றார். எண்பதைத் தொடப்போகிற வயசு. ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்ததால் கார் ஓட்டக் கூடாதாம், மனைவி கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தார். டீ போட்டுக் கொடுத்து, வீடு முழுக்கச் சுற்றிக் காட்டினார். தகரக் கொட்டகையாக இருந்தது எப்படிக் கல் வீடானது, எந்த வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது, துப்பாக்கி வைக்கிற அலமாரி, சுவரில் பாடம் செய்த வாத்துகள் எல்லாவற்றுக்கும் கதை சொன்னார். பின்கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை மாட்டியிருந்தது. அதைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நம் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சுவரில் இருக்கிற சுவிட்சைப் பற்றியா விளக்கிக்கொண்டிருப்போம்? அவருக்கு அது அப்படி.

மதியத்துக்கு மேல், "எனக்கு இரண்டு சின்ன வேலை இருக்கிறது. முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். நீங்கள் கிளம்பும்போது கதவைச் சாத்திவிட்டால் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் நடு அறையில் நோட்டுகளோடு உட்கார்ந்துவிட்டோம்.

சும்மா சொல்லக் கூடாது, படிக்கப் படிக்க எனக்கே ருசி தட்டிவிட்டது. ஆரம்பத்தில் மெல்போர்னிலிருந்து ரயிலில் வந்து, மாட்டு வண்டியில் மீதித் தூரம் போயிருக்கிறார்கள். சுட்டது எத்தனை, தப்பியது எத்தனை, யார் குடித்துவிட்டு யாரோடு சண்டை போட்டார்கள் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்கள். போர்க் காலத்தில் பக்கம் பக்கமாக வெறும் வானிலை. பெண்களை உள்ளே விடுவதா வேண்டாமா என்று ஒரு ராத்திரி முழுக்க விவாதித்து, கடைசியில் 'சமைக்க மட்டும்' என்று முடிவு செய்திருக்கிறார்கள், பெரிய மனசு பாருங்கள். ஏரி வறண்டு, வாத்துகள் குறைந்துபோன வருஷங்களில் துப்பாக்கியை மூட்டைகட்டிவிட்டு, மரப்பெட்டிகள் செய்து ஏரிக்குள் நிற்கிற பட்ட மரங்களில் அறைந்திருக்கிறார்கள். வாத்துகள் முட்டையிடுவதற்கு. இன்றைக்கும் குளிர்காலத்தில் யாராவது போய் அந்தப் பெட்டிகளைச் சரிபார்ப்பார்களாம்.

"சுடுறதும் இவங்களே, கூடு கட்டிக் குடுக்கிறதும் இவங்களேவா?" என்றேன்.

"வெட்டப்போற வேள்விக் கடாவுக்குக் குழை போட்டு வளக்கிற கதைதான், தங்கச்சி" என்றார் அண்ணன், ஸ்கேனரிலிருந்து தலையைத் தூக்காமல்.

மூன்றரை மணி வாக்கில், புத்தகத்தின் அட்டைக்கு ஒரு படம் வேண்டும் என்று கேமராவை எடுத்துக்கொண்டு சுற்றினேன். பின்கதவுப் பலகை என் கண்ணில் பட்டது. நல்ல பழைய மரம். இரண்டு வரிசையாக ஆணிகள். மேல் வரிசையில் பித்தளை வில்லைகள் பளபளவென்று தொங்கின, ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். கீழ் வரிசை காலி. ஒரே ஒரு வில்லை மட்டும் கீழே தனியாகத் தொங்கியது. நாலாம் நம்பர். மேலே மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் அதற்கான ஆணி காலியாக இருந்தது.

ஒரு படம் எடுத்தேன். சரியாக வரவில்லை. பல் விழுந்த வாய் மாதிரி அந்த ஓர் இடம் உறுத்தியது. எனக்கு ஒரு வியாதி உண்டு, என் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வாசலில் செருப்பு ஜோடி மாறிக் கிடந்தால்கூட உள்ளே வரமாட்டேன், குனிந்து சரிசெய்துவிட்டுத்தான் வருவேன். விருந்துக்குப் போன வீட்டில் அவர்கள் அடுப்படி டப்பாக்களை அடுக்கி வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். கை தானாகப் போயிற்று. நாலாம் நம்பரை எடுத்து மேலே அதன் இடத்தில் மாட்டினேன். இன்னொரு படம் எடுத்தேன். ஜம்மென்று வந்தது.

எங்கள் தொழிலில் முதல் பாடமே, எதையும் இருந்த இடத்தில் இருந்தபடி எடு, கை வைக்காதே என்பதுதான். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான்தான் அதைப் பாடமாக நடத்துகிறேன். வெட்கக்கேடு.

நாலரை மணிக்குப் பெரியவரின் மனைவி வந்தார். உயரமான, விறுவிறுப்பான அம்மா. பின்கதவு வழியாக நுழைந்தவர், எங்களைப் பார்ப்பதற்கு முன்னால் பலகையைப் பார்த்தார். பார்த்ததும் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்தது. அதை நான் கவனித்தேன், காரணம்தான் புரியவில்லை. "கிளம்பிவிட்டாரா?" என்று கேட்டார். "ஆமாம், அப்போதே வீட்டுக்குப் போவதாகச் சொன்னாரே" என்றேன், பெரிதாகத் தெரிந்தவள் மாதிரி. பக்கத்துப் பண்ணைக்காரர் சில நாள் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவாராம். அங்கே உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டிருப்பார், போய் இழுத்துக்கொண்டு போகிறேன் என்று சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டார்.

அண்ணன் சாமான்களை முன்பக்கம் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். கடைசி நோட்டு ஒன்றை மூடுவதற்கு முன்னால் சும்மா புரட்டினேன். நடுவில் ஒரு பக்கத்தைச் சுற்றிக் கறுப்பு மையில் கட்டம் போட்டிருந்தது. பதற்றமே இல்லாத, நேரான கையெழுத்து. இப்போதும் வரி வரியாக ஞாபகம் இருக்கிறது.

தண்ணீருக்குப் போகிறவர் தன் வில்லையைக் கீழ் வரிசைக்கு மாற்றிவிட்டுப் போவார். திரும்பி வந்ததும் மேலே மாட்டுவார். அன்று சாயங்காலம் புதிய சமையல்காரர், மேசை போடும் முன் எல்லாம் ஒழுங்காக இருக்கட்டும் என்று கீழே இருந்த ஒரு வில்லையையும் மேலே எடுத்து மாட்டிவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். பலகையைப் பார்த்தோம். எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று சாப்பிட உட்கார்ந்தோம். ஒன்பதாம் நம்பர்காரரை மறுநாள் காலையில் கண்டெடுத்தோம். இனிமேல் ஒருவர் வில்லையை இன்னொருவர் தொடக் கூடாது.

அவ்வளவுதான் எழுதியிருந்தது.

கேமராவை எடுத்து முதல் படத்தைப் பார்த்தேன். நாலாம் நம்பர், கீழே.

இனி நான் செய்ததை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினேன் என்று எழுதத்தான் ஆசை. ஓடவில்லை. பின் வராந்தா விளக்கைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து நின்றேன். தண்ணீர் இரும்பு நிறத்தில் கிடந்தது. அதற்குள் நூற்றுக்கணக்கில் பட்ட மரங்கள். மனசு வக்கீல் மாதிரி வாதாட ஆரம்பித்தது. அந்த வில்லை எப்போதோ செத்துப்போன யாருடையதாவது இருக்கும். வருஷக்கணக்காக அங்கேயே தொங்கியிருக்கும். பெரியவர் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது போய், உங்கள் பலகையில் கை வைத்துவிட்டேன் என்று சொன்னால் என்ன நினைப்பார்கள்? வரலாறு எழுத வந்தவள் லட்சணத்தைப் பார் என்றுதானே. அடுத்த வேலை யார் கொடுப்பார்கள்? ஒன்றுமே இல்லாததற்கு ஊரைக் கூட்டிய பைத்தியம் என்று சிரிக்கமாட்டார்களா?

எங்கேயோ ஒரு வாத்து கத்தியது. மூன்று தடவை. கொஞ்சம் விட்டு மறுபடியும் மூன்று. காலையிலிருந்து ஒரு வாத்தைக்கூடப் பார்க்காததால், அட, ஒன்றாவது இருக்கிறதே என்று அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. குளிர் காதைக் கடித்தது. பத்து நிமிஷம் அப்படியே நின்றேன். என் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நின்றதால் எனக்குச் சரியாகத் தெரியும், பத்து நிமிஷம்.

பிறகு உள்ளே வந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல், டீ குடித்த கோப்பைகளைக் கழுவ எடுத்தேன். எங்களுக்குக் கொடுத்தது சாதாரணக் கோப்பைகள். பெரியவர் குடித்தது ஒரு பழைய எனாமல் குவளை. அதன் அடியில் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தது, 4.

"ஐயோ அண்ணா!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் கையிலிருந்த ஸ்டாண்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். பலகை, வில்லை, கறுப்புக் கட்டம் என்று உளறிக்கொட்டினேன். ஏன் தொட்டாய் என்று அவர் கேட்கவே இல்லை.

"அந்த மனுசன் தண்ணியிலையோ?"

"ஆமாண்ணா. நான் தான்... நான் தான்ணா மாத்தி வச்சேன்."

"அதைப் பிறகு கதைப்பம். நீங்கள் காரை எடுத்துக்கொண்டு போங்கோ. போனிலை சிக்னல் வாற இடத்திலை நிண்டு ஆம்புலன்ஸுக்கு அடியுங்கோ, பிறகு அந்த அன்ரியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் போய்ப் பாக்கிறன்."

படகுக் கொட்டகையில் தட்டையான படகு ஒன்றுதான் இருந்தது. இரண்டாவது படகு கட்டுகிற கயிறு மட்டும் தொங்கியது. அண்ணன் கோலை எடுத்துக்கொண்டு ஏறினார். இந்த நாட்டுக்குக் கடல் வழியாகப் படகில் வந்தவர் அவர். அதற்குப் பிறகு பிள்ளைகளோடு பிக்னிக் போன இடத்தில்கூடப் படகில் ஏறாமல் கரையில் உட்கார்ந்திருந்தவர். இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

செம்மண் ரோட்டில் நான் அப்படி ஒருநாளும் ஓட்டியதில்லை. மேட்டில் சிக்னல் வந்ததும் அவசர எண்ணுக்கு அடித்து இடத்தைச் சொன்னேன். பேசி முடிக்கும்போதே எதிரே ஒரு வண்டியின் விளக்கு வந்தது. பெரியவரின் மனைவிதான். கண்ணாடியை இறக்கி, "பண்ணையில் இல்லை. வீட்டிலும் இல்லை" என்றார். சிரிப்பெல்லாம் போயிருந்தது.

பதினோரு வருஷமாக இந்த ஊரில் ஆங்கிலம் பேசுகிறேன். அன்றைக்கு வாயில் வரவில்லை. பலகையை நான் தொட்டுவிட்டேன், படம் நன்றாக வருவதற்காகத் தொட்டுவிட்டேன் என்று திக்கித் திணறிச் சொன்னேன். அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கீழ் வரிசையிலா இருந்தது?"

"ஆமாம்."

வண்டியைத் திருப்பினார். அவர் கிளப்பிய புழுதிக்குள்ளேயே நானும் பின்னால் போனேன். போகிற வழியெல்லாம் முருகா, முருகா என்பதைத் தவிர வேறு வார்த்தையே எனக்கு வரவில்லை.

கரைக்கு வந்தபோது வெளிச்சம் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. மரங்களுக்கு நடுவே அண்ணனின் போன் விளக்கு மினுக்கியது. "அங்கிள்! அங்கிள்!" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஏரி பெரியது. மரங்கள் எல்லாம் ஒன்று போலவே இருந்தன. அவர் வடக்குப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார். அந்த அம்மா தண்ணீர் ஓரத்தில் அசையாமல் நின்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

தூரத்தில் வாத்து கத்தியது. மூன்று. கொஞ்சம் விட்டு இரண்டு. ரொம்பப் பலவீனமாக.

"அது வாத்து இல்லை" என்றார். "வாத்து எண்ணிக் கூப்பிடாது. அவர் கழுத்தில் வாத்து மாதிரிக் கத்துகிற வேட்டை ஊதல் தொங்கும். அது அவர்தான்." அடுத்த விநாடி, அந்த ஒல்லி உடம்பிலிருந்து எப்படித்தான் வந்ததோ, "இடது பக்கம்! இடது பக்கம் போ!" என்று ஏரி அதிரக் கத்தினார். அண்ணனின் விளக்கு திரும்பியது.

நான் வராந்தாவில் நின்று கேட்டது அதைத்தான். ஒரு மனுஷன் உயிருக்காகக் கூப்பிட்டதைக் கேட்டுக்கொண்டு, என் பெயர் கெட்டுப்போகுமே என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு அந்த விளக்கு ஒரே இடத்தில் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. ஊதல் சத்தமும் இல்லை. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார், பிடித்துக்கொண்டது யார் கை என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. எலும்பு நொறுங்குகிற பிடி.

"தங்கச்சி! உயிரோடை இருக்கிறார்! கம்பளி எடுத்து வையுங்கோ!"

அந்தக் குரலை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். பெட்டியைச் சரிபார்க்க ஏணியில் ஏறியவர், ஏணி வழுக்கி விழுந்திருக்கிறார். படகு மிதந்து போய்விட்டது. இடுப்புவரை போட்டிருந்த ரப்பர் கால்சட்டைக்குள் தண்ணீர் நிறைந்து கீழே இழுக்க, கத்தியால் வாரை அறுத்துக் கழற்றியிருக்கிறார். மரக் கவட்டையில் ஏறி, பெட்டி மாட்டியிருந்த இரும்புச் சட்டத்துக்குள் ஒரு கையைக் கொடுத்துத் தொங்கிக்கொண்டு இருந்திருக்கிறார். இரண்டு மணி நேரம். அண்ணன் அவரைக் கொண்டுவந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது, ஊதல் மட்டும் பல்லுக்கு நடுவில் இருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள், இன்னும் கால் மணி போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார்கள். கால் மணி என்றதும் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் பிழைத்துக்கொண்டார். நான்கு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால், எல்லோரும் என்னைத்தான் கொண்டாடினார்கள். பழைய நோட்டைப் படித்து, ஆபத்தைப் புரிந்துகொண்டு, சரியான நேரத்தில் குரல் கொடுத்த பெண் என்று. வில்லையை மாற்றியது நான்தான் என்று அந்த அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அதையும் பெரிதுபடுத்தவில்லை, "நீ வந்து சொன்னாயே" என்றுவிட்டார். நான் எழுதிக் கொடுத்த வரலாற்றின் கடைசியில், என்னைக் கேட்காமலே என்னைப் புகழ்ந்து ஒரு பத்தியைச் சேர்த்து அச்சடித்துவிட்டார்கள். விஷயம் எப்படியோ மெல்போர்னுக்கும் வந்துவிட்டது. கேரம் டவுன்ஸ் கோயிலில் பிரசாத வரிசையில் நிற்கும்போதுகூட, "நீங்கதானே அந்த வெள்ளக்காரரக் காப்பாத்துனவங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். நானும் மையமாகத் தலையாட்டியிருக்கிறேன். அண்ணனிடம்கூட அந்தப் பத்து நிமிஷத்தைச் சொல்லவில்லை.

ஆனால் ராத்திரி தூக்கம் வராதபோது காதில் மூன்று மூன்றாகக் கேட்கும். என் வீட்டுக்காரரிடம் ஒருநாள் அழுதுகொண்டே சொன்னேன். வழக்கமாக எதையும் கிண்டல் செய்கிறவர், அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை. "எங்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்? சொல்ல வேண்டியது அவருகிட்ட" என்றார்.

போன மார்ச்சில் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போனேன். பெரியவர் இப்போது தண்ணீருக்குப் போவதில்லை. வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். புரிந்த பிறகும் பத்து நிமிஷம் சும்மா நின்றேன், நீங்கள் ஊதியது என் காதில் விழுந்தது, வாத்து என்று நினைத்தேன், என் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் நின்றேன் என்று.

அவர் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு, "எனக்குத் தெரியும்" என்றார். "நீ வராந்தாவுக்கு வந்து விளக்கைப் போட்டாய். அந்த மரத்திலிருந்து பார்த்தால் நீ நிற்பது தெளிவாகத் தெரிந்தது. ஊதினேன். நீ என் பக்கம் திரும்பிப் பார்த்தாய். பார்த்துவிட்டாய் என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம் நீ உள்ளே போனாய்."

"தெரிஞ்சுமா மூணு வருஷம் கேக்காம இருந்தீங்க?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். பிறகு ஆங்கிலத்தில் கேட்டேன்.

"உயிரோடு வந்தவன் எதைக் கேட்பது? ஆனால் நீ என்றைக்காவது வருவாய் என்று நினைத்தேன். வராமல் போயிருந்தால் வருத்தமாக இருந்திருக்கும்" என்றார். அப்புறம் எழுந்து, டீ போடப் போனார். நான் அங்கேயே உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதேன்.

இப்போதும் யாராவது, நீங்கள்தானே அவரைக் காப்பாற்றியது என்று கேட்டால், காப்பாற்றியது என் அண்ணன் என்று சொல்லிவிட்டு, அந்தப் பத்து நிமிஷத்தையும் சேர்த்தே சொல்கிறேன். கேட்பவர்களின் முகம் சுருங்குகிறது, ஆனால் என் நெஞ்சிலிருந்து ஒரு முள் கழன்று போகிறது.